செவ்வாயில் 40 டன் வீட்டை நகர்த்துவது எப்படி? கதை எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் அறிவியல் புனைகதை எழுதும் இளைஞர்கள் சிலர் அவ்வப்போது கூடிப் பேசுவார்கள். நான் எழுதுகிறவன் அல்ல. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைச் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலில் இருக்கிறவன். அவர்கள் கதைகளில் ராக்கெட் ஒழுங்காகப் பறக்கும், சுற்றுப்பாதைக் கணக்கு பிசகாது. தரையில் இறங்கியதும் மட்டும் "மாட்யூல்களை வரிசையாக வைத்து இணைத்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எங்கள் தொழிலில் அந்த ஒரு வரிக்குப் பல மாதம் ஆகும். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கணக்குக்காக எல்லா இடத்திலும் 40 டன் மாட்யூல் ஒன்றை, அதாவது முழுதாகச் செய்து கொண்டுபோய் இறக்கும் வீட்டுக் கூடு ஒன்றை, வைத்துக்கொள்கிறேன்.

செவ்வாயில் எடை குறைவுதானே அண்ணாச்சி, பத்துப் பேர் சேர்ந்து தள்ளினால் போகாதா?

எடை குறையும். செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் 0.38 பங்கு. 40 டன் மாட்யூல் அங்கே 15 டன் போலத்தான் தரையை அழுத்தும். ஆனால் நிறை அதே 40 டன். தூக்கும்போதும் கீழே வைக்கும்போதும் 15 டன், கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் 40 டன். இந்த இரண்டு எண்ணையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருந்தாலே கதையில் பாதிப் பிழை போய்விடும்.

பத்துப் பேர் கணக்கைப் பார்ப்போம். உடுப்போடு சேர்த்து ஒருவர் 150 கிலோ என்றால் அங்கே அவர் எடை 57 கிலோ. கால் வழுக்காமல் அவரால் தள்ள முடிவது அதில் பாதி. பத்துப் பேருக்கும் சேர்த்து 280 கிலோ விசை. மணலில் சக்கரம் உருளவே ஏறக்குறைய 3 டன் இழுவை வேண்டும், ஆகவே மாட்யூல் அசையாது. அதையே தண்டவாளத்தில் வைத்தால் கதை வேறு. உருளும் தடை நூறு கிலோவுக்கும் குறைவு. பத்துப் பேர் விடாமல் தள்ளினால் ஒரு நிமிடத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். வந்த பிறகு எதிரே போய் நின்று யாரும் அதைப் பிடிக்க முடியாது. கதையில் ஆபத்து வேண்டும் என்றால் அதை இங்கே வையுங்கள். தூக்க முடியாமல் திணறுவதாக எழுதுவதைவிட நிறுத்த முடியாமல் ஓடுவதாக எழுதுவது உண்மைக்கு நெருக்கம்.

பிரேக்கும் அப்படித்தான். டயர் தரையைப் பற்றுவது எடையால். ஓடுகிற வண்டியை நிற்கவிடாமல் தள்ளுவது நிறை. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் வண்டி ஓரளவு பிடிப்புள்ள தரையில் இங்கே 3 மீட்டரில் நிற்கும் என்றால், அதே பிடிப்பில் செவ்வாயில் 8 மீட்டர் ஆகும். வளைவில் கவிழாமல் திரும்பும் வேகமும் இங்கே உள்ளதில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் கிடைக்காது. எல்லா வண்டியும் நடக்கும் வேகத்தில் போகட்டும். சரிவில் ஏறும் கோணம் மட்டும் ஈர்ப்பால் மாறாது. பிடிப்பும் பாரமும் சேர்ந்தே குறைவதால் இங்கே ஏறுகிற சரிவில் அங்கேயும் ஏறலாம்.

எதற்கு நகர்த்த வேண்டும்? வேண்டிய இடத்திலேயே இறக்கிவிட்டால் என்ன?

முதல் மாட்யூலை அப்படி இறக்கலாம். இரண்டாவதை முடியாது, ராக்கெட்டின் புகைவாய் கல்லையும் மணலையும் வாரி அடிக்கும். 1969 நவம்பரில் அப்போலோ 12 நிலவில் இறங்கியபோது, முன்பே அங்கே நின்றிருந்த சர்வேயர் 3 என்ற ஆளில்லாக் கலத்திலிருந்து அது ஏறக்குறைய 160 மீட்டர் தள்ளி இருந்தது. விண்வெளி வீரர்கள் நடந்து போய் சர்வேயரின் கேமராவைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். பார்த்தால் அதன்மேல் மணல் வீச்சின் தேய்ப்பு. சிறிய இறங்குகலமே அவ்வளவு தூரத்தில் அந்த வேலை செய்திருக்கிறது. 40 டன்னைச் சுமந்து இறங்கும் கலம் ஆட்கள் குடியிருக்கும் மாட்யூலின் ஜன்னல் அருகே இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

ஆகவே இறங்குதளம் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்கட்டும், நடுவில் ஒரு மேடோ மண் கரையோ இருந்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு கிலோமீட்டர்தான் என் தொழில்.

மாட்யூலுக்கு 40 டன் சரியா? கூட்டலாமா?

சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமெரிக்காவின் டெஸ்டினி ஆய்வுக்கூடம் 14.5 டன், ஜப்பானின் கிபோ ஏறக்குறைய 16 டன். செவ்வாயில் இதுவரை நல்லபடியாக இறக்கிய மிகக் கனமான பொருள் 2021இல் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தி, 1,025 கிலோ. அதனால் 40 டன் என்பதே வாசகர் உங்களுக்குத் தரும் சலுகை. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

குறைக்க ஒரு வழி உண்டு. வெறும் கூட்டை முதலில் கொண்டு போய் வைத்து, உள்ளே வைக்கும் அலமாரி, தொட்டி, மின்கலம் எல்லாவற்றையும் அப்புறம் கொண்டு வருவது. டெஸ்டினியும் எல்லா அலமாரியோடும் ஒரேயடியாகப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிரப்பினார்கள். அண்டார்டிகாவில் இந்தியாவின் பாரதி நிலையம் 2012இல் திறந்தது. அதை 134 கப்பல் கண்டெய்னர்களால் கட்டினார்கள். சாமான் வந்த பெட்டியே கட்டடத்தின் எலும்பு. கண்டெய்னரில் இருக்கிற புத்திசாலித்தனம் எட்டு மூலைகளிலும் இருக்கும் ஓட்டை போட்ட வார்ப்புத் துண்டுகள். உலகத்தில் எந்தத் துறைமுகத்துக் கிரேனும், எந்த டிரெய்லரும், எந்தப் பூட்டும் அதில் மாட்டும். உங்கள் குடியேற்றத்தில் எல்லா மாட்யூலுக்கும் ஒரே மாதிரி மூலை இருப்பதாக ஒரு வரி எழுதினால் என்னைப் போன்றவர்கள் கதையை நம்பிவிடுவோம்.

கிரேன் வைத்துத் தூக்கிவிடலாம் அல்லவா?

அந்தக் கிரேனை இறக்க எந்தக் கிரேன்? முப்பந்தலில் காற்றாலை நிறுத்தப் பெரிய கிரேன் வரும்போது அது ஒரே வண்டியாக வருவதில்லை. பூம் (கிரேனின் நீளக் கை) துண்டுகள், கவுண்டர்வெயிட் (கவிழாமலிருக்கப் பின்பக்கம் வைக்கும் எடை), சங்கிலிப் பட்டை என்று வரிசையாக டிரெய்லர்கள் வரும். அவற்றைச் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னக் கிரேன் முன்னாலேயே வந்து நிற்கும். வெறும் நிலத்தில் முதல் நாள் இறங்குகிறவர்களுக்கு அந்தச் சின்னக் கிரேன் கிடையாது. இறங்குகலத்திலேயே மடிந்திருக்கும் கை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்யூலே தன் கால்களில் இறங்கி நிற்க வேண்டும். நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகம் அத்லெட் என்று ஆறு கால் இயந்திரம் ஒன்றைச் செய்து பார்த்தது. ஒவ்வொரு காலின் நுனியிலும் சக்கரம். சமதரையில் உருளும், மேடுபள்ளத்தில் சக்கரத்தைப் பூட்டிவிட்டு நடக்கும். மேலே ஒரு வசிப்பிடத்தைச் சுமந்து செல்வதுதான் அதன் நோக்கம். கதைக்கு இதைவிட அழகான வாகனம் கிடைக்காது.

கிரேன் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பலர் நினைப்பதுபோல் செவ்வாயில் கவுண்டர்வெயிட்டைக் குறைக்க முடியாது. சுமை எடை குறையும்போது எதிர்ப்பக்க எடையும் அதே அளவில் குறைகிறது, கவிழும் கணக்கு மாறாது. பூம் வேண்டுமானால் மெல்லியதாக இருக்கலாம். கவுண்டர்வெயிட்டைப் பூமியிலிருந்து சுமந்து போக யாருக்கும் பைத்தியமில்லை, வெறும் பையைக் கொண்டு போய் அங்கத்து மண்ணை நிரப்பினால் போதும்.

இன்னொன்று ஆட்டம். 10 மீட்டர் கம்பியில் தொங்கும் சுமை இங்கே ஒரு முறை போய்வர 6.3 விநாடி. செவ்வாயில் 10.3 விநாடி. ஆடுவது மெதுவாக இருப்பதால் ஆபத்து குறைவு என்று புது ஆள் நினைப்பான். அது தப்பு. அதே தள்ளலுக்குச் சுமை இன்னும் தொலைவுக்குப் போகும், அடங்கவும் நேரமாகும். மாட்யூலில் கட்டிய வழிகாட்டிக் கயிற்றைப் பிடித்திருக்கிறவனின் எடை 57 கிலோ, எதிரே வருவது 40 டன் நிறை.

சக்கரமா, சங்கிலிப் பட்டையா, சறுக்குக் கட்டையா?

இதற்குத்தான் அதிகம் சண்டை நடக்கும். முதலில் தரையைப் பேசுவோம்.

ராதாபுரத்துக்குக் கிழக்கே தேரிக்காட்டைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மணல், இரும்பு ஆக்சைடு பூசிய மணி மணியான துகள். செவ்வாய் சிவப்பதும் இரும்பு ஆக்சைடால்தான். தேரியில் லாரி இறங்கினால் டிரைவர் முதலில் செய்வது ஆக்சிலேட்டரை மிதிப்பது, செய்யக் கூடாததும் அதுதான். சக்கரம் சுழலச் சுழலத் தனக்கே குழி தோண்டிக்கொண்டு ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிடும். டயர் காற்றை இறக்கி, முன்னால் பலகை போட்டு, மெதுவாக எடுக்க வேண்டும்.

செவ்வாயிலும் இதுதான் நடந்தது. 2005இல் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி ஒரு மணல் மேட்டில் புதைந்து, வெளியே வர ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. 2009இல் ஸ்பிரிட் மேலே பொருக்கு மாதிரி இருந்த தரையை உடைத்துக்கொண்டு உள்ளே இருந்த பொடிமணலில் இறங்கியது. அது வெளியே வரவே இல்லை, 2010இல் தொடர்பும் போயிற்று. அந்த ஊர்தி 200 கிலோவுக்குக் கீழ். மேலே கெட்டி, கீழே பொடி என்கிற அந்த நிலத்தைக் கதையில் வைக்க மறக்காதீர்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கம்பியைக் குத்திப் பார்க்க வேண்டும்.

கல் நிலம் என்றால் வேறு தலைவலி. கியூரியாசிட்டி ஊர்தியின் சக்கரம் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினியம், தோல் 0.75 மில்லிமீட்டர். கூர்மையான கற்கள் அதைக் குத்திக் கிழித்தன. 2013இல் படம் எடுத்துப் பார்த்தபோது ஓட்டைகள் தெரிந்தன.

ரப்பர் டயர் வேண்டாம். செவ்வாய் இரவில் மைனஸ் 70, 80 பாகைக்கு இறங்கும்போது சாதாரண ரப்பர் கட்டை மாதிரி ஆகி வெடிக்கும். நிலவில் ஓடிய அப்போலோ ஊர்தியின் சக்கரம் துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பி வலை, தரையில் படும் இடத்தில் டைட்டானியப் பட்டைகள். அந்த மாதிரி ஏதாவது எழுதுங்கள்.

சங்கிலிப் பட்டை தரையில் பரவி நிற்கும், மணலுக்கு நல்லது. ஆனால் நூற்றுக்கணக்கான ஊசி மூட்டுகள், ஒவ்வொன்றிலும் தூசி. சறுக்குக் கட்டைக்கு அண்டார்டிகாவில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. பிரிட்டனின் ஹேலி 6 நிலையம் எட்டு மாட்யூல்கள், ஒவ்வொன்றுக்கும் ஹைட்ராலிக் கால், காலடியில் பெரிய பனிச்சறுக்குப் பலகை. மிதந்து கிடக்கும் பனித்தட்டில் விரிசல் நெருங்கி வந்ததால் 2016-17 பருவத்தில் மாட்யூல்களைப் பிரித்து, டிராக்டரில் கட்டி இழுத்து, 23 கிலோமீட்டர் தள்ளி மறுபடி பூட்டினார்கள். ஆனால் பனி வழுக்கும், மணல் வழுக்காது. ஹேலியின் காலை எடுத்துக்கொள்ளுங்கள், பலகையை விட்டுவிடுங்கள்.

என் ஓட்டு பல சக்கரங்களுக்கு. எங்கள் ஹைட்ராலிக் டிரெய்லரில் வரிசை வரிசையாக ஆக்சில்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எண்ணெய் அழுத்தம் அந்தப் பக்கம் போய் அதை நீட்டிவிடும், மேல்தட்டு சாயாது. இதிலேயே புல்லர் (முன்னால் இழுக்கும் லாரி) இல்லாமல் தானே ஓடும் வகையும் இருக்கிறது, ஒருவர் பக்கத்தில் நடந்தபடி கையில் உள்ள பெட்டியால் ஓட்டுவார். எல்லாச் சக்கரமும் தனித்தனியாகத் திரும்பும், நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும், நின்ற இடத்திலேயே சுற்றும். செவ்வாய்க்கு அதே ஏற்பாடு, எண்ணெய்க்குப் பதில் மோட்டார் வைத்த திருகு ஜாக்கி. குளிரில் ஹைட்ராலிக் எண்ணெயைச் சூடாக வைக்கும் மின்சாரத்தை வேறு எதற்காவது செலவழிக்கலாம். ஒரு சக்கரம் போனாலும் மற்றவை சுமக்கும் என்பதால் உதிரிபாகக் கவலையும் கொஞ்சம் குறையும்.

தனியாகச் சாலை போட வேண்டுமா?

வேண்டும். மகாராஷ்டிரத்திலிருந்து திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு ஒரு ராட்சத ஆட்டோகிளேவ் (சூடும் அழுத்தமும் கொடுத்துப் பாகங்களை இறுக்கும் கலன்) வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். ஏறக்குறைய 70 டன், 74 சக்கர டிரெய்லர். 2019 ஜூலையில் கிளம்பி 2020 ஜூலையில் போய்ச் சேர்ந்தது. நடுவில் ஊரடங்கு வேறு. ஆனால் ஊரடங்கு இல்லாவிட்டாலும் அது வேகமாகப் போகும் சரக்கல்ல. மரக்கிளை வெட்ட வேண்டும், மின்கம்பியை அவிழ்க்க வேண்டும், பாலம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். களியக்காவிளை தாண்டிப் பாலராமபுரம் சந்திப்பில் ஒரு சாதாரண லாரியே எப்படித் திணறுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

செவ்வாயில் மின்கம்பி இல்லை, ஜங்ஷன் இல்லை, கடைக்காரர் சண்டை இல்லை. ஆனால் ரூட் சர்வே உண்டு. எங்களிடம் வண்டி கிளம்பும் முன் ஒரு ஆள் பைக்கில் முழு வழியும் போய், எங்கே திரும்பும், எங்கே இடிக்கும் என்று குறித்துக்கொண்டு வருவார். அங்கே அந்த வேலையைச் சின்ன ஊர்தி ஒன்று செய்யட்டும். அப்புறம் கல் பொறுக்கி, மேல்மணலைச் சுரண்டி, அழுத்தி இறுக்க வேண்டும். இங்கேதான் குறைந்த ஈர்ப்பு காலை வாரும். ரோடு ரோலர் தன் எடையால் அழுத்துகிறது, அங்கே அந்த எடை மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதிர்வு கொடுத்து அழுத்தும் தட்டு நல்லது.

கேப் கெனவரல் பக்கம் நாசாவின் ராக்கெட் சுமக்கும் கிராலர் வண்டி 1960களில் செய்தது, தானே ஏறக்குறைய 2,700 டன். சுமையோடு மணிக்கு 1.6 கிலோமீட்டர்தான் போகும். அதன் பாதையின் மேல் அடுக்கு ஆற்றுக் கூழாங்கல். ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலும் ராக்கெட்டை ஒரு கட்டடத்தில் நிறுத்திப் பூட்டி, மேடையோடு தண்டவாளத்தில் தளத்துக்குக் கொண்டு போகிறார்கள். கனத்தைச் செங்குத்தாக வைத்து நகர்த்தும் எந்த நாடும் வழியை முதலில் போட்டுவிட்டுத்தான் வண்டியைப் பற்றி யோசிக்கிறது.

புழுதிப் புயலில் மாட்யூல் கவிழ்வது போல எழுதலாமா?

வேண்டாம். செவ்வாயின் காற்று பூமியின் காற்றில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலான அடர்த்தி. அங்கே 100 கிலோமீட்டர் வேகக் காற்று நம்மூரில் 13 கிலோமீட்டர் வேகக் காற்றின் அளவுக்குத்தான் தள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி ஆடிக் காற்றில் நிற்கிறவனுக்கு அது விசிறிக் காற்று. இங்கே காற்று கூடினால் பூமை இறக்கிவிட்டுக் காத்துக் கிடப்போம். அங்கே அந்தத் தொல்லை இல்லை. புயல் கெடுப்பது வெளிச்சத்தை. 2018இன் புழுதிப் புயலில் சூரிய ஒளி மறைந்து மின்சாரம் இல்லாமல்தான் ஆப்பர்ச்சூனிட்டி அடங்கிப்போனது. பாதி வழியில் மாட்யூல், மின்கலம் தீர்கிறது, புயல் ஓயவில்லை. இது நடக்கக்கூடிய நிலைமை.

இடத்துக்குக் கொண்டு போய்விட்டால் வேலை முடிந்ததா?

அப்போதுதான் கஷ்டமான பாகம் தொடங்குகிறது. இரண்டு மாட்யூல்களை இணைக்கும் வாய் 2 மீட்டர் விட்டம் என்று வையுங்கள். உள்ளே பூமியின் காற்றழுத்தம், வெளியே கிட்டத்தட்ட வெற்றிடம். ஒரு சதுர மீட்டருக்கு 10 டன் தள்ளல். அந்த வாயில் மட்டும் 32 டன் விசை இரண்டையும் பிரிக்கப் பார்க்கும். மாட்யூலின் எடையோ 15 டன், அது தரையைப் பிடித்திருக்கும் உராய்வு அதிலும் பாதி. பூட்டு விட்டால் மாட்யூல் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும். நகர்த்தியதைவிடப் பெரிய விசை, நகர்த்தி முடித்த பிறகு, காற்றைத் திறந்த நிமிடத்தில் வருகிறது. பாதிக் கதைகளில் இந்தக் காட்சியையே காணோம்.

அடுத்தது மட்டம். இரண்டு வாயும் மில்லிமீட்டர் கணக்கில் நேருக்கு நேர் வர வேண்டும், அதுவும் ஜாக்கி மேல் நிற்கும் 40 டன்னை வைத்துக்கொண்டு. எங்கள் ஆட்கள் இதைச் செய்யும்போது யாரும் பேச மாட்டார்கள். ஒரு ஜாக்கிக்கு ஒரு ஆள். ஃபோர்மேன் வாட்டர் லெவலைப் பார்த்தபடி விரலை அசைப்பார், கால் சுற்று திருப்பு, நிறுத்து, மறுபடி கால் சுற்று. ஜாக்கி ஏறும் ஒவ்வொரு விரல் அளவுக்கும் பக்கத்தில் பேக்கிங் கட்டையை அடுக்கிக்கொண்டே வருவார்கள். ஜாக்கி வழுக்கினாலும் சுமை ஒரு விரல் அளவுக்கு மேல் விழாது. செவ்வாயில் மரக்கட்டை ஏது? மண்ணை உருக்கிச் செய்த செங்கலோ உலோகச் சட்டமோ வைக்கலாம். ஆனால் கட்டை இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவன் மாட்யூலுக்கு அடியில் நுழைவதாக எழுதினால், அவன் சாகப்போகிறான் என்று தொழில் தெரிந்த வாசகன் அங்கேயே முடிவு கட்டிவிடுவான்.

குளிரும் சூடும் சேர்ந்து கெடுக்கும். 20 மீட்டர் அலுமினியச் சட்டம் 100 பாகை குளிர்ந்தால் 4.6 சென்டிமீட்டர் சுருங்கும். மத்தியானம் பொருத்திப் பார்த்த துளை ராத்திரி பொருந்தாது. அதனால் இணைப்பில் மடிப்பு மடிப்பாக நீளும் குழாய் ஒன்று வேண்டும். தரை கொஞ்சம் அமுங்கினாலும் அது தாங்கிக்கொள்ளும்.

மேலே மண்ணைப் போட்டு மூடினால் பாரம் தாங்குமா?

கதிர்வீச்சுக்குப் பயந்து மூடத்தான் வேண்டும். உள்ளே காற்று நிரம்பியிருக்கும்வரை நசுங்காது. செவ்வாய் மண் 18 மீட்டர் உயரம் போட்டால்தான் உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்குச் சமமாகும். காற்று இறங்கிய மாட்யூல் மேல் அதே மண் கிடந்தால்தான் பிரச்சினை. மண் போட்டபின் மாட்யூலை நகர்த்துவது பெரும்பாடு என்பதும் ஞாபகம் இருக்கட்டும். அண்டார்டிகாவில் இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்துபோய்க் கைவிடப்பட்டது. அடுத்த நிலையமான மைத்ரியைப் பாறைமேல் வைத்தார்கள்.

காற்றடித்து ஊதும் மாட்யூல் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

பீம் என்ற ஊதும் அறை 2016 முதல் விண்வெளி நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, 1.4 டன்தான். கொண்டு போகச் சுலபம். ஆனால் காற்றுச் சுத்திகரிப்பு, தண்ணீர் இயந்திரம், மின்கலம் எதையும் ஊத முடியாது. கனம் இடம் மாறுகிறதே தவிர குறைவதில்லை.

பூமியிலிருந்தே ரிமோட்டில் ஓட்டினால்?

ஒரு சொல் போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம். "நிறுத்து" என்று சொல்லி அது நிற்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அங்கே இருப்பவர்தான் ஓட்ட வேண்டும், இல்லை இயந்திரமே தானாக நிற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலைக்காரக் குழுவை எப்படி எழுதுவது? எத்தனை பேர்?

எண்ணிக்கையைவிட யார் சொல்லைக் கேட்பது என்பது முக்கியம். கேரளத்தில் பேப்பூர்ப் பக்கத்து மாப்பிள கலாசிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உரு என்ற பெரிய மரக்கப்பலைக் கயிறு, கப்பி, மரச்சுழல், உருளைக்கட்டை இவற்றை வைத்தே கடலில் இறக்குவார்கள். 1988இல் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் ரயில் பெட்டிகள் விழுந்தபோது அவற்றைத் தூக்கும் வேலைக்கு அவர்கள் வந்தார்கள். ஒருவர் பாட்டு எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் அந்தத் தாளத்தில் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். ஐம்பது பேர் ஐம்பது நேரத்தில் இழுத்தால் அது பலமே இல்லை.

கிரேன் வேலையிலும் சைகை காட்டுவது ஒரே ஆள்தான். ஆனால் நிறுத்தச் சொல்லும் சைகையை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம், டீ கொண்டு வந்த பையன் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்துவார். விண்வெளிக் கையுறையில் விரல் அசைவு தெரியாது, முழுக் கையால் காட்டும் சைகைகளை உருவாக்குங்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது சத்தம். கம்பிவடம் அளவுக்கு மீறி இழுபட்டால் 'டிக்' என்று ஒரு இழை அறும் ஒலி வரும். பேக்கிங் கட்டை நசுங்கும்போது முனகும். அனுபவசாலி கண்ணைவிடக் காதைத்தான் நம்புவான். செவ்வாயில் காற்று மெல்லியது, ஒலி மங்கலாகத்தான் வரும், அதுவும் தலைக்கவசத்துக்கு வெளியே. நிலவில் அதுவும் இல்லை. அங்கே வேலை செய்கிறவன் கம்பிவடத்தில் கையை வைத்து அதிர்வைப் பார்க்கிறான், அல்லது அளவிக் கருவியின் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பழைய ஆள் ஒருவருக்கு இது எவ்வளவு பயத்தைத் தரும் என்று எழுதுங்கள். கதாபாத்திரம் தானாக வந்துவிடும்.

அப்புறம், குழுவில் எல்லோரும் ஒரே மொழியை வடிகட்டிப் பேச வேண்டாம். எல்லைப்பக்க வேலையிடத்தில் தமிழும் மலையாளமும் கலந்துதான் கத்துவார்கள். "மக்களே, கொஞ்சம் விடு" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் "மதி, மதி" (போதும், போதும்) என்பார். இரண்டு பேருக்கும் புரியும்.

இதே கணக்கு நிலவுக்கும் பொருந்துமா?

பொருந்தும், எல்லாம் இன்னும் கொஞ்சம் மோசமாக. ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. 40 டன் மாட்யூல் 6.6 டன் போல அழுத்தும், 20 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 19 மீட்டர் வேண்டும், 10 மீட்டர் கம்பியில் சுமை ஒரு முறை ஆட 15.6 விநாடி. தூசி துகள்கள் காற்றாலோ தண்ணீராலோ தேயாதவை, உடைந்த கண்ணாடி மாதிரி கூர்மை, மூட்டு மூட்டாக உள்ளே போய் அரம் போல அறுக்கும். அப்போலோ 17 வீரர்கள் ஊர்தியின் மட்கார்டு உடைந்ததும் வரைபடத் தாள்களை டேப்பால் ஒட்டிப் புதிது செய்துகொண்டார்கள். அது இல்லாமல் ஓட்டினால் தூசி மழையாகக் கொட்டியது. இரவு பகல் இரண்டும் இரண்டு வாரம் நீளம் என்பதால் வேலை நேரத்தையும் அதற்கேற்ப மாற்றி எழுத வேண்டும். தூரத்தில் மட்டும் சௌகரியம், பூமியிலிருந்து சொன்னது ஒன்றேகால் விநாடியில் கேட்கும்.